அளவுக்கு வைத்த ரத்தம்

மூண்டா
செப்டம்பர் 9

மெரின்,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. வராததை வலிந்து எழுதுவானேன்.

போனில் பேசாமல் இவள் என்ன கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் நான் கேட்க வந்ததைக் கேட்க மாட்டேன், வேறு என்னென்னவோ கேட்டுவிடுவேன். தாள் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். இது மூன்றாவது தாள்.

ஜூலை விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது, டீகனைக் குளிப்பாட்டுகிறேன் என்று உள்ளே போனாய். அவள் அக்குளுக்குக் கீழே கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பா உன்னை அடிப்பாரா?" என்று கேட்டாய். எட்டு வயதுப் பிள்ளையிடம். தலை துவட்டும்போது அவள் அதை என்னிடம் சொன்னாள். அன்று உன் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தேனே, அதற்கு இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை.

ஆகஸ்டில் பள்ளியில் ஷுல்ட்ஸ் டீச்சர் அதே மாதிரித் தடத்தைப் பார்த்தார். மேலே தகவல் சொல்ல வேண்டியது அவர் கடமையாம், சொல்லிவிட்டார். குழந்தைகள் நலத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து சமையலறையில் உட்கார்ந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். விஷயம் தெளிவாகும்வரை ஜோரி இந்த வீட்டில் தங்கக் கூடாது, மகளைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இப்போது போர்ட் ஹியூஸில் அவன் தம்பியின் கேரவனில் இருக்கிறான். காலையில் பார்லி வயலுக்கு வருகிறான். டீகன் பள்ளி விட்டு வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். சொந்த நிலத்தில் திருடன் மாதிரி.

நவம்பர் கடைசியில் துறையின் கூட்டம். அதற்குள் இந்தக் கன்றல் எதனால் வருகிறது என்று நாங்கள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் 'காரணம் தெரியாத காயம்' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அவன் எப்போது வீட்டுக்கு வருவான் என்று சொல்ல யாராலும் முடியாது.

இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் உறைகிறதா என்று எல்லாச் சோதனையும் செய்தார்கள். எல்லாம் சரியாம். அடிலெய்டில் பெரிய டாக்டரைப் பார்க்க மார்ச் மாதம்தான் தேதி கிடைத்தது.

போன கிறிஸ்துமஸில் வான்கோழி ஆறிப்போகிற வரைக்கும் நீ பேசினாய். ரத்தம் உறைவதற்கு ஏதோ ஒரு ஏற்பி, அதில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிர்கிற ஏதோ ஒன்று. பாதி எனக்குப் புரியவில்லை, மீதியை நான் கேட்கவே இல்லை. அதை வைத்து என் மகளின் ரத்தத்தைப் பார்.

துறையின் கோப்பில் உன் பெயரும் இருக்கிறது என்று எங்கள் வக்கீல் சொன்னார். அது என்ன என்று நான் இப்போது கேட்கப் போவதில்லை.

கெரென்சா


மெல்போர்ன்
செப்டம்பர் 14

கெரென்சா,

நீ கேட்காததற்கே முதலில் பதில். புகார் கொடுத்தது நானில்லை. துறையிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், ஜூலையில் பார்த்தது என்ன என்று. ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல், அந்த வடிவத்தில் தடம் இருந்தது என்று சொன்னேன். யார் விரல் என்று சொல்லவில்லை. நாளைக்குக் கேட்டாலும் பார்த்ததைத்தான் சொல்வேன். இதற்காக இன்னொரு தடவை என் பெட்டியை வாசலில் வைப்பதானால் வைத்துக்கொள்.

இனி வேலைக்கு வருகிறேன்.

ரத்தத்தில் தட்டணுக்கள் என்று உண்டு. காயம் பட்ட இடத்தில் இவை ஒன்றையொன்று கைகோத்து அடைத்துக்கொள்ளும். அப்படிக் கோத்துக்கொள்ளும் கைதான் அந்த ஏற்பி. அது குறைந்தவர்களுக்கு வழக்கமான சோதனை எல்லாம் சரியென்றுதான் வரும், ஆனால் லேசாக அழுத்திப் பிடித்தாலே கன்றிப்போகும். ஆகவே உங்கள் ஆஸ்பத்திரி சொன்னதில் தப்பில்லை.

நான் வைத்திருக்கும் ஆன்டிபாடி அந்த ஏற்பியை மட்டும் தேடிப் பிடிக்கும், வேறு எதையும் தொடாது. அதன் வாலில் பச்சையாக ஒளிரும் சாயம் கட்டியிருக்கிறது. ரத்தத்தோடு கலந்து லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டால், ஏற்பி நிறைய இருக்கும் தட்டணு நன்றாக மின்னும், குறைந்தது மங்கும், இல்லாதது இருட்டாகவே போகும்.

குப்பியின் மேலேயே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டியிருக்கிறது. நான் சொல்வது நோய் நிர்ணயம் ஆகாது. ஆனால் காரணம் தெரியாமல் ரத்தம் கசிகிறவர்களைப் பார்க்கவும் எங்கள் ஆய்வுக்கு அனுமதி இருக்கிறது, படிவம் இத்துடன் வருகிறது. குறை தெரிந்தால் அடிலெய்டு டாக்டரின் தேதியை முன்னுக்கு இழுக்கலாம்.

இந்தக் குறை பெற்றோரிடமிருந்து வருவது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்குப் பாதி ஏற்பிதான் இருக்கும். பாதியே அவர்களுக்குப் போதும், ஒன்றும் தெரியாது. இரண்டு பேரிடமிருந்தும் குறை ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் வினை. அதனால் உன் ரத்தமும் வேண்டும். ஜோரியையும் கேட்டுப் பார்.

ஐஸில் வைக்காதே. தூண்டில் இரையிலிருந்து ஆட்டுத் தடுப்பூசிவரை எல்லாவற்றையும் ஐஸ்பெட்டியில் போடுகிற குடும்பம் நம்முடையது, அதனால்தான் சொல்கிறேன். குளிர்ந்தால் தட்டணு கெட்டுப்போகும். அறையின் சூட்டிலேயே வரட்டும். நீலமூடிக் குழாயில் எடுக்கச் சொல்.

மெரின்


மூண்டா
செப்டம்பர் 24

மெரின்,

இன்று காலை விமானத்தில் ஏற்றிவிட்டேன். ஐஸ் வைக்கவில்லை. கூரியர்ப் பையன் ஐஸ் பொட்டலத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன்.

நர்ஸ் டீகனின் கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, "ஒரு சின்னக் குத்துதான், கண்ணு" என்றாள். நம்மவள், "குத்துறது சின்னதுதான், அப்புறம் வர்ற நீலந்தான் பெருசு" என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஊரில் எல்லோரும் இப்போது அந்தப் பார்வைதான் பார்க்கிறார்கள். பேக்கரியில் பேஸ்டி வாங்க நின்றால் வரிசை கொஞ்சம் விலகிக்கொள்கிறது.

என் ரத்தமும் இருக்கிறது. ஜோரியுடையது இல்லை. கேட்டேன். "உங்க அக்கா என்னைக் கேக்கலை, என் மகளைத்தான் கேட்டா. அவகிட்டயே கேட்டுக்கச் சொல்லு" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கெரென்சா


மெல்போர்ன்
அக்டோபர் 3

கெரென்சா,

இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை.

ஏற்பி டீகனிடம் இருக்கிறது. ஆரோக்கியமான ரத்தத்தை நூறு என்று வைத்தால் அவளுடையது நாற்பது. குறைவுதான். ஆனால் பாதி உள்ளவர்களுக்கே ஒன்றும் தெரியாது என்றேன் அல்லவா, நாற்பது அதற்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவே. சின்னப் பிள்ளையின் ரத்தம், வழியிலும் கொஞ்சம் வீணாகியிருக்கலாம். தொட்டால் கன்றுகிற அளவுக்கு இது போதாது.

உன்னுடையது ஏறக்குறைய நூறு. முழுசாக இருக்கிறது. அம்மாவுக்கு முழுசாக இருந்தால் இந்த நோய் பிள்ளைக்கு வர வழியில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை.

என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் ஜோரியிடம் நீ ஒருமுறை, யாரும் இல்லாதபோது, நேராகக் கேள். அவர் எப்போதாவது கோபத்தில் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாரா என்று. கேட்பதனால் நீ அவரைக் கைவிட்டதாக ஆகாது.

மெரின்


மூண்டா
அக்டோபர் 8

மெரின்,

கேட்க மாட்டேன்.

எட்டு வருஷமாக அவளை நான் வளர்க்கிறேன். ஒன்றரை வயதில் பல் முளைத்தபோது தலையணை உறை சிவந்துபோனதைத் துவைத்தது நான். ஆடுகளுக்கு மருந்து போடும்போது குட்டி முட்டியதற்கு முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கறுத்துப்போனதைப் பார்த்தது நான். அந்தக் குட்டிக்கும் ஜோரிதான் சொல்லிக்கொடுத்தானா? உன் மிஷின் நாற்பது என்று சொல்கிறதாம், நூறு என்று சொல்கிறதாம். என் கண்ணை விட அது பெரிசா?

உன் மிஷின் எங்கேயோ தப்புப் பண்ணுகிறது. எங்கே என்று எனக்குத் தெரியாது. அது உன் வேலை, நீ படித்த படிப்பு. கண்டுபிடி. மறுபடி எடுக்க வேண்டுமானால் சொல், நாளைக்கே டீகனைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருகிறேன். பத்து தடவை எடு. கூட்டத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

நீ சொன்ன ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ செத்தாலும் அவன் வர மாட்டான்.

கெரென்சா


மெல்போர்ன்
அக்டோபர் 27

கெரென்சா,

நீ சொன்னதுதான் சரி. தப்பு இங்கேதான். எங்கே என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், இடையில் என்னைத் திட்டத் தோன்றும், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

'ஆரோக்கியமான ரத்தம் நூறு' என்று எழுதினேன். அது யாருடைய ரத்தம் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னுடையது. எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். காலையில் மிஷினைப் போட்டதும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டும். அதற்கு யாரையாவது தேடிப் போய்க் கெஞ்ச வேண்டும். எனக்கு நரம்பு நன்றாகத் தெரியும், நோய் நொடி கிடையாது, எட்டு மணிக்கே வந்துவிடுவேன். சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிடுவேன். இரண்டு வருஷமாக இந்த ஆய்வில் நூறு என்றால் நான்தான்.

போன வாரம் எனக்குச் சளிக் காய்ச்சல். காய்ச்சல்காரர் ரத்தம் ஒப்பிட ஆகாது. மிஷினைப் பார்த்துக்கொள்ளும் செமிசி கை நீட்டினார். டோங்காத் தீவுக்காரர், ஆள் பீரோ மாதிரி இருப்பார். ஓட்டினால் இருநூறு காட்டுகிறது.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வு மாரடைப்பு வந்தவர்களைப் பற்றியது. அவர்களுக்கு இந்த ஏற்பி இரண்டு மடங்கு இருக்கிறது, இருநூறு இருக்கிறது என்பதுதான் நாங்கள் கண்டுபிடித்தது. கட்டுரை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. செமிசிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மெரின், எனக்கு நாலு பிள்ளைங்க. இப்பவே டாக்டர்கிட்ட போகட்டுமா, சாப்பிட்டுப் போகட்டுமா?" என்றார். சாப்பிடாமலே போய் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு வந்தார். குதிரை மாதிரி இருக்கிறதாம்.

எனக்கு ஆன்டிபாடி மேல் சந்தேகம். அந்தத் திங்கட்கிழமைதான் புதுக் குப்பி வந்திருந்தது. சாயத்தை அதிகமாகக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்து, அனுப்பியவர்களுக்குக் காரசாரமாக எழுதினேன். பழைய குப்பியில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. அதிலும் செமிசி இருநூறு. எங்கள் பேராசிரியர் ஹாலோரன் அம்மாள் கை நீட்டினார், அவரும் இருநூறு. பக்கத்து ஆய்வகத்தில் இரண்டு பேர், கொஞ்சம் முன்னே பின்னே இருநூறு. காய்ச்சல் விட்டதும் என்னுடையதை அவர்கள் பக்கத்தில் வைத்து ஓட்டினோம்.

செமிசிதான் சொன்னார். "நாங்கெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கோம். நீங்க ஒருத்தர்தான் பாதி."

அளக்கிற படியே குறைப் படி, கெரென்சா. உண்மையில் நூறு என்பது அவர்கள். நான் ஐம்பது. என்னோடு ஒப்பிட்டு உன்னை முழுசு என்றேன், நீயும் ஐம்பது. ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே மாதிரி இருந்தோம், அதை ஆரோக்கியம் என்று எழுதினேன். டீகனின் நாற்பது உண்மையில் இருபது. இருபது என்றால் கன்றும். யாராவது ஆசையாகத் தூக்கினாலே கன்றும்.

அன்று மாலையே ஹாலோரன் அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவர் கட்டுரையின் அட்டவணையை எடுத்து ஒவ்வோர் எண்ணையும் பாதியாக்கிப் பார்த்தார். அப்புறம், "அப்ப மாரடைப்புக்காரங்களுக்கு ரெண்டு மடங்கு இல்லை. அவங்க சாதாரணம், நீதான் பாதி" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு வருஷம் போச்சு. கட்டுரையை நீயே திரும்ப வாங்கிடு" என்றார். வாங்கிவிட்டேன். ஆய்வுக்கு வரும் வருஷத்துப் பணம் இனி வராது. எனக்கும் செமிசிக்கும் வேலை இருக்குமா தெரியாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது எனக்கு ஜோரியின் ரத்தம் வேண்டும். அவரும் பாதி என்று தெரிந்தால் கணக்கு முழுசாக நேராகும், கூட்டத்தில் யாரும் வாய் திறக்க முடியாது. நம் தாத்தாவும் அவர் பாட்டியும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். நம் ஊர்ச் சுரங்கம் மூடின பிறகு அங்கே மிஞ்சின நாலு குடும்பம் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அவரிடமும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர் என்னைக் கேட்கச் சொன்னார் அல்லவா. கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. ஜோரி, உங்களைத் தப்பாக நினைத்தேன். பிள்ளையிடம் அப்படிக் கேட்டது மகா தப்பு. உங்கள் ரத்தம் வேண்டும், தயவுசெய்து கொடுங்கள்.

மெரின்


மூண்டா
நவம்பர் 4

அக்கா,

எழுதிவிட்டேன். வந்துவிட்டது.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். செமிசி டாக்டரிடம் ஓடியது வந்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் இருபது என்று வந்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்காதே. என் பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று கேட்டு சந்தோஷப்படுகிற அம்மா நான்.

அப்புறம் உன்மேல் கோபமும் வந்தது. அதற்கு முந்தின கடிதத்தில் எவ்வளவு நிச்சயமாக எழுதியிருந்தாய். நான் உன்னை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவனிடம் போய்க் கேட்டிருப்பேன். இதை ஒருநாள் நேரில் பேசுவோம், மறக்க மாட்டேன்.

மாலையில் போர்ட் ஹியூஸ் போனேன். டீகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான். கேரவன் வாசலில் ஜோரி நண்டு வேகவைத்துக்கொண்டிருந்தான். கடிதத்தைக் கொடுத்தேன். மெதுவாகப் படிப்பான் அவன், உனக்குத் தெரியும். நண்டு குழைந்தே போனது.

"உங்க அக்காவுக்கு இப்ப என் ரத்தம் வேற வேணுமா? என்கிட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" என்றான்.

"அக்காவுக்கு இல்ல. டீகனுக்கு."

"நானும் பாதின்னு வந்தா, என்னாலதான் அவளுக்கு இது."

"பாதி உன்னால, பாதி என்னால. பங்கெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே ஒன்று சொன்னான். அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. "அந்தத் தடம் என் கைதான், கெரென்சா."

நான் கேரவன் படியில் உட்கார்ந்தேன்.

"நெட்பால்ல ஜெயிச்சா இல்ல, அன்னிக்கு ஓடி வந்தா. அக்குள்ல கை குடுத்துத் தூக்கிச் சுத்துனேன். அவ்வளவுதான் பண்ணேன். மறுநாள் பார்த்தா அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. ஆகஸ்ட்லயும் அப்படித்தான். தூக்குனேன்னு சொன்னா, தடம் உன் கைதானேன்னு எழுதிக்குவாங்க. அதான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

துறைக்காரர்களிடம் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். என்னிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். மூன்று மாதம் தனியாக அந்தத் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். இந்த முட்டாளை என்ன செய்வது? அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு வருகிறான். டீகனிடமும் என்னிடமும் புதிதாக எடுத்து மூன்றையும் அனுப்புகிறேன். இந்தத் தடவை வேறு யாருடைய ரத்தத்தோடாவது ஒப்பிடு. நம் குடும்பத்துப் பக்கமே போகாதே.

கெரென்சா


மெல்போர்ன்
நவம்பர் 12

கெரென்சா,

ஐந்து பேரோடு ஒப்பிட்டேன், ஒருவரும் மூண்டா பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. நீ பாதி. ஜோரி பாதி. டீகன் ஐந்தில் ஒரு பங்கு. இனி சந்தேகம் இல்லை.

ஹாலோரன் அம்மாள் தானே அடிலெய்டு டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், வருகிற திங்கட்கிழமையே டீகனைக் கூட்டிப் போ. அவர்கள் தங்கள் சோதனையைச் செய்து தங்கள் கையெழுத்தில் எழுதித் தருவார்கள். துறைக்கு அதுதான் செல்லும், என் குப்பி செல்லாது. டாக்டரைப் பார்க்கும்வரை அவளுக்கு ஆஸ்பிரின் எதுவும் கொடுத்துவிடாதே. பல் ஆடினால் நீயாகப் பிடுங்காதே.

நான் கூட்டத்துக்கு வருகிறேன். வர வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன். விரல் தடம் என்று நான் சொன்னது கோப்பில் இருக்கிறது. நான் சொன்னதை நானே போய் அவர்கள் முகத்தைப் பார்த்து விளக்க வேண்டும். தடம் உண்மை, நான் அதிலிருந்து நினைத்துக்கொண்டது பொய். ஏன் பொய் என்பதற்கு என் ரத்தமே சாட்சி, எடுத்துக் காட்டுகிறேன். உன் வீட்டில் தங்க மாட்டேன். பக்கத்தில் கடீனாவில் அறை எடுத்துக்கொள்கிறேன்.

ஜோரி தூக்கியதை அவரே சொல்லட்டும். நான் சொன்னால் மறுபடியும் நான் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகும். நீ சொன்னால் மனைவி முட்டுக்கொடுக்கிறாள் என்பார்கள். அவர் வாயால் வந்தால்தான் அவர் நிமிர முடியும்.

செமிசி உன் மகளுக்கு ஒன்று சொல்லச் சொன்னார். பீரோவுக்கும் கூட ஊசி என்றால் பயம்தானாம்.

மெரின்


மூண்டா
டிசம்பர் 10

அக்கா,

நீ கூட்டம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். அப்புறம் நடந்ததை யாராவது உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ பேசியபோது அந்த அதிகாரி அம்மாள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். "அப்போ உங்க ரத்தமே குறைன்னு உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டாளே, நீ தெரியாது என்று சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஒன்றுக்காக ஜூலை மாதத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். முழுசாக இல்லை.

ஜோரி அங்கே வாயே திறக்கவில்லை, நீயே பார்த்தாய். அவன் வாயால் வர வேண்டும் என்று நீ எழுதியதை நான் முந்தின நாள் சொல்லித்தான் வைத்திருந்தேன். தலையை ஆட்டினான். ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்ததும் குரல் வரவில்லை. டாக்டரின் கடிதம் பேசியது, நீ பேசினாய், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன புதன்கிழமை துறையின் தாள் வந்தது. அவன் வீட்டுக்கு வரலாம், ஒரு தடையும் இல்லை.

வந்தான். டீகன் வாசலிலிருந்தே ஓடினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், அக்கா. குனிந்து அவள் தலையில் முத்தம் கொடுத்தான். கை மட்டும் முன்னால் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எட்டாததை எடுத்துக் கொடுப்பான், அவள் விரல் படாமல். தட்டை நகர்த்திவிடுவான். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் டீகன் என்னிடம் வந்து, "அப்பாவுக்கு என்மேல கோவமா?" என்றாள். அவனிடம் அதைச் சொன்னேன். "துறை விட்டுடுச்சு. கை விட மாட்டேங்குது" என்றான். துறை எழுதிக் கொடுத்ததை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். படித்தான், மடித்தான், அலமாரியில் வைத்தான். இதற்கு நான் என்ன செய்ய? நானும் விட்டுவிட்டேன்.

நேற்று பள்ளியின் வருஷக் கடைசி நிகழ்ச்சி. டீகன் பாட்டுக் கோஷ்டியில் கடைசி வரிசை. முடிந்து வீடு வருவதற்குள் பின் சீட்டில் தூங்கிப்போனாள். நான் வேண்டுமென்றே பாத்திரப் பையையும் நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு முன்னால் உள்ளே போய்விட்டேன். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் நின்றான். வெகுநேரம் நின்றான். கூப்பிட்டு எழுப்பக்கூட அவனுக்கு மனசு வரவில்லை. அப்புறம் சட்டென்று குனிந்து, அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். வந்து கட்டிலில் படுக்க வைத்தான். அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று நான் சத்தியம் செய்வேன்.

இன்று காலை சட்டை மாட்டும்போது பார்த்தேன். நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல். அதே இடம். ஜோரியும் பின்னால் வந்து நின்று பார்த்தான். மேலே ஒரு கம்பளிச் சட்டை போட்டுவிடலாமா என்று நினைத்தேன், டிசம்பர் வெயிலில். நினைத்தது உண்மை, உன்னிடம் மறைப்பானேன்.

"இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பள்ளி வாசலில் ஷுல்ட்ஸ் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அந்த மனுஷியும் நாலு மாதமாக என்ன பாடுபட்டாரோ. ஜோரி டீகனின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக அவரிடம் போனான். துறையின் மேஜையில் வராத குரல், பத்து அம்மாக்கள் நிற்கிற வாசலில் வந்தது. டீகனின் கையைத் தானே மெல்ல உயர்த்திக் காட்டினான்.

"டீச்சர், இதைப் பாருங்க. இது என் கைதான். நேத்து கார்ல தூங்கிட்டா, தூக்கிட்டு வந்தேன். அன்னிக்கு நீங்க பார்த்ததும் இதேதான். இன்னிக்குத் தூங்கினா இன்னிக்கும் தூக்குவேன்."

கெரென்சா